நீர்மட்டமா, நடைமுறையா? திட்டங்களை மதிப்பிட ஒரு வழி

மகளிர் சுயஉதவிக் குழு ஒன்று கடன் வேண்டி வங்கிக் கிளைக்கு வரும்பொழுது, குழுவிடம் எவ்வளவு சொத்து இருக்கிறது என்று அலுவலர் கேட்பதில்லை. உறுப்பினர் தவறாமல் கூடுகின்றனரா, தவறாமல் சேமிக்கின்றனரா, சேமித்ததைத் தமக்குள் கடனாக வழங்கிக்கொள்கின்றனரா, வாங்கியதை உரிய நாளில் திருப்புகின்றனரா, இவையனைத்தையும் ஏட்டில் எழுதி வைக்கின்றனரா என்றே பார்க்கிறார். 'பஞ்சசூத்திரம்' என்று வழங்கும் இந்த ஐந்தும் பொருளைப் பற்றியவை அல்ல, செய்கையைப் பற்றியவை. 1992இல் நபார்டு வங்கி 500 குழுக்களைக் கொண்டு சோதனையாகத் தொடங்கிய குழு - வங்கி இணைப்புத் திட்டம் இன்று நாடெங்கும் பரவி நிற்கிறது. அடமானம் இல்லாத கடனுக்கு மக்களின் அன்றாட நடைமுறையே போதிய சான்று என்று வங்கிகள் அதன் வழியே ஏற்றுக்கொண்டன.

ஆனால், கடன் கேட்பவரை இவ்வாறு அளக்கத் தெரிந்த நாம், நம் திட்டங்களை அளக்கும்பொழுது எண்ணிக்கையில் போய் நின்றுவிடுகிறோம். எத்தனை முகாம்கள் நடந்தன, எத்தனை பேர் வந்தனர், எத்தனை சொட்டுநீர்க் கருவிகள் வழங்கப்பட்டன என்று அறிக்கையின் கட்டங்கள் நிரம்புகின்றன. முகாமுக்கு வந்தவர் மறுநாள் முதல் எதை வேறாகச் செய்தார் என்பதற்கு அறிக்கையில் கட்டமே இல்லை. வழங்கிய சொட்டுநீர்க் குழாய்கள் வயலில் விரிந்து கிடக்கின்றனவா, வேலியோரம் சுருட்டி வைக்கப்பட்டுள்ளனவா என்பதும் அவ்வறிக்கையில் தெரியாது.

இக்கேள்வி வேடிக்கையாகத் தோன்றாத ஒரு நிலப்பகுதி சித்தூர், திருப்பதி வட்டாரம். 1911இல் வட ஆர்க்காட்டின் பகுதிகளையும் சேர்த்து உருவான சித்தூர் மாவட்டம் நெடுங்காலம் சென்னை மாகாணத்தில் இருந்தது. 2022 ஏப்ரலில் அதிலிருந்து திருப்பதி தனி மாவட்டமாயிற்று. நகரி, புத்தூர், பலமனேர், குப்பம் என்னும் ஊர்ப்பெயர்கள் தமிழருக்கு அயல் அல்ல. திருக்காளத்தியைத் தொட்டோடும் பொன்முகலி, இன்று சுவர்ணமுகி என வழங்கும் ஆறு, ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கிறது. கிழக்கே வடகிழக்குப் பருவமழை ஓரளவு கைகொடுக்கும். மேற்கே மதனப்பள்ளிப் பக்கம் செல்லச் செல்ல மழை குறைந்துகொண்டே போகும். வற்றாத ஆறு இல்லாத இம்மண்ணில் வேளாண்மை முன்னர் ஏரியை நம்பியிருந்தது. பின்னர் கிணற்றை நம்பியது. இப்பொழுது ஆழ்துளைக் கிணற்றை நம்பியிருக்கிறது.

நிலத்தின் அடியில் இருப்பதோ கருங்கல்லும் அதன் இனப் பாறைகளும். ஆற்றுப் படுகை மணலைப் போல இப்பாறை நீரைத் தாராளமாகத் தேக்கி வைப்பதில்லை. மேலே சிதைந்து நொறுங்கிய அடுக்கிலும் கீழே உள்ள வெடிப்புகளிலும் மட்டுமே நீர் நிற்கும். இதனை ஒரு கணக்கால் விளக்கலாம். ஓர் ஏக்கர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் உயரத்திற்கு நீர் நின்றால் அது ஏறத்தாழ 4,047 லிட்டர். கோடைப் பருவ நெல்லுக்கு 1,200 மில்லிமீட்டர் நீர் வேண்டும் என்று கொண்டால், ஏக்கருக்கு 48 லட்சம் லிட்டருக்கு மேல் ஆகிறது. பாறையின் கொள்ளிடமோ மிகச் சிறிது. நூற்றில் இரண்டு பங்கே நீர் தரும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஓர் ஏக்கர் நிலத்தின் அடியில் நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால் கிடைப்பது சுமார் 81,000 லிட்டர்தான். வயலிலிருந்து மீண்டும் கசிந்து இறங்கும் நீரைக் கணக்கில் சேர்க்காவிட்டால், ஓர் ஏக்கர் நெல்லை விளைவிக்க 60 ஏக்கர் நிலத்தின் அடியில் ஒரு மீட்டர் நீர் இறங்க வேண்டும். அந்த 60 ஏக்கரில் அண்டை வீட்டார் நிலங்கள் எத்தனை இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நிலக்கடலை போட்டால் தேவை பாதிக்கும் குறைவு.

அண்டை வீட்டார் ஒருவர் ஆழமாகத் துளைத்தால் நம் கிணறு வற்றும், நாமும் துளைப்போம், பின்னர் இருவர் கிணறும் வற்றும். ஆயிரம் அடி வரை துளைத்தும் புகை மட்டுமே வந்த கதைகள் இவ்வட்டாரத்தில் ஏராளம். துளை பொய்த்தாலும் கடன் பொய்ப்பதில்லை. 2002இல் இயற்றப்பட்ட ஆந்திரப் பிரதேச நீர், நிலம், மரங்கள் சட்டம் புதிய கிணறுகளுக்குக் கட்டுப்பாடு விதித்தது. 2004இல் வேளாண்மைக்கு மின்சாரம் இலவசமாயிற்று. ஒரு கை பூட்டு போட்டது. மறு கை கதவைத் திறந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்தச் சூழலில், நெதர்லாந்து அரசின் நிதியுதவியுடனும் ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை நிறுவனத்தின் துணையுடனும் 2003 முதல் அந்தப் பத்தாண்டின் இறுதி வரை ஆந்திரத்தில் நடந்தது 'உழவர் மேலாண்மை செய்யும் நிலத்தடி நீர் அமைப்புகள்' என்னும் திட்டம். ஆங்கில முதலெழுத்துகளால் அதனை 'ஆப்ஃபாம்ஸ்' என்பர். சித்தூர், அனந்தப்பூர், கடப்பை, கர்நூல், பிரகாசம், மகபூப்நகர், நல்கொண்டா ஆகிய ஏழு வறட்சி மாவட்டங்களில் அறுநூறுக்கும் மேற்பட்ட சிற்றூர்களில் அது செயற்பட்டது. இதற்கு முந்தைய நெதர்லாந்துத் திட்டம் சிறு உழவர்க்கு ஆழ்துளைக் கிணறு அமைத்துக் கொடுத்தது. அதன் அனுபவத்திலிருந்து பிறந்த இத்திட்டம் யாருக்கும் கிணறு தரவில்லை, மோட்டார் தரவில்லை, மானியமும் தரவில்லை. நெல் போடாதே என்று தடுக்கவுமில்லை. அளக்கக் கற்றுக்கொடுத்தது, அவ்வளவே.

ஊரிலேயே தன்னார்வலராக முன்வந்த ஆண்களும் பெண்களும் மழைமானியைப் படித்தனர். குறிக்கப்பட்ட கிணறுகளில் பதினைந்து நாளுக்கொரு முறை கயிற்றை இறக்கி நீர்மட்டத்தைப் பார்த்தனர். இறைப்பு அளவை அறிய ஒரு பீப்பாயும் கடிகாரமும் போதும்: 200 லிட்டர் பீப்பாய் நிரம்ப 100 விநாடி ஆனால், விநாடிக்கு 2 லிட்டர், ஏழு மணி நேரம் மின்சாரம் இருந்தால் 50,400 லிட்டர். அளவுகளை ஊர்ச் சுவரில் எல்லோரும் காண எழுதினர். மழைக்காலம் முடிந்து ரபி விதைப்புக்கு முன், ஒரே நீர்ப்பிடிப்பில் அமைந்த ஊர்கள் கூடி, மண்ணுக்குள் இறங்கிய நீர் இவ்வளவு, நாம் போட எண்ணியிருக்கும் பயிர்களுக்கு வேண்டியது இவ்வளவு என்று வரவுசெலவு போட்டன. பெரும்பாலும் துண்டு விழும். அதைக் கண்டபின் எந்தப் பயிரைப் போடுவது என்பது அவரவர் விருப்பம். இந்தோனேசியாவில் நெல் உழவர்க்கு நடந்த வயல்வெளிப் பள்ளிகளின் சாயலில் இங்கு 'உழவர் நீர்ப் பள்ளி' நடந்தது. ஒரு நீராண்டு முழுதும், பருவத்தோடு சேர்ந்தே பாடமும் நகர்ந்தது.

இத்தகைய திட்டம் வெற்றி பெற்றதா என்று எப்படி அறிவது? நிலத்தடி நீர்த் திட்டம் என்றால் நீர்மட்டத்தைப் பார்த்தால் போயிற்று என்று தோன்றும். ஆனால் நீர்மட்டம் நேர்மையான சாட்சி அன்று. 2021 நவம்பரில் திருப்பதி நகரம் வெள்ளத்தில் மூழ்கியது, சுவர்ணமுகி கரைபுரண்டது, திருப்பதிக்கு அருகே ராயலசெருவு ஏரிக்கரையில் கசிவு கண்டு கீழ்ப்புறத்து ஊர்கள் அஞ்சி நின்றன. அந்த ஆண்டு அவ்வட்டாரத்தில் ஒரு நீர்த் திட்டத்தை மதிப்பிடச் சென்றவர், ஒன்றும் செய்யாத திட்டத்திற்கும் முதல் மதிப்பெண் தந்திருப்பார். தொடர்ந்து மூன்றாண்டு மழை பொய்த்தால், மிக நல்ல திட்டமும் தோற்றதாகவே தெரியும். மழையின் புகழையும் பழியையும் திட்டத்தின் கணக்கில் எழுதும் இப்பிழை நீர்த் திட்டங்களுக்கு மட்டும் உரியதன்று. தக்காளி விலை ஏறிய ஆண்டில் மதனப்பள்ளிப் பக்கம் கடன் வசூல் உயர்ந்தால், அதனை வசூல் முகாமின் வெற்றி என்று எழுதிக்கொள்ள எந்தக் கிளைக்குத்தான் ஆசை வராது!

இச்சிக்கலுக்கு விடையாக, கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆராய்ச்சி மையம் 2001இல் ஒரு மதிப்பீட்டு முறையை நூலாக வெளியிட்டது. சாரா ஏர்ல், ஃபிரெட் கார்டன், டெரி ஸ்முட்டிலோ ஆகிய மூவர் எழுதியது. 'அவுட்கம் மேப்பிங்' என்பது அதன் பெயர்; விளைவுகளை வரைபடமாக்குதல் எனலாம். பயிற்சிகளை மதிப்பிடுவதில், கற்றவர் பின்னர் தம் பணியில் எதை மாற்றிக்கொண்டார் என்று பார்க்க வேண்டும் என அமெரிக்கரான டொனால்டு கிர்க்பாட்ரிக் 1959இலேயே எழுதியிருந்தார். கனடிய முறை அதனினும் ஒரு படி மேலே சென்று, திட்டத்தின் விளைவு என்பதையே வேறாக வரையறுத்தது. திட்டம் நேரடியாகப் பழகும் மனிதரும் குழுக்களும் அமைப்புகளும் தம் செய்கையிலும் உறவிலும் நடைமுறையிலும் கொள்ளும் மாற்றமே விளைவு. நீர்மட்டம் உயர்வதும் வறுமை குறைவதும் அதற்கு அப்பால், பல காரணங்கள் கூடி நிகழ்பவை. அவற்றிற்குத் திட்டம் தன் பங்கைத் தந்தது எனலாமே தவிர, தானே நிகழ்த்தியது என்று உரிமை கொண்டாட இயலாது.

இம்முறையில் நடத்தை என்ற சொல் வரும். தமிழில் அச்சொல்லுக்கு ஒழுக்கம் என்னும் வாடை உண்டு. 'நடத்தைச் சான்றிதழ்' நினைவுக்கு வரும். இங்கு அப்பொருள் இல்லை. யாரையும் நல்லவர், தீயவர் என்று தரம் பிரிப்பதில்லை. நேற்று செய்யாத ஒன்றை இன்று செய்கிறாரா என்பதே கேள்வி.

மாற்றத்தைப் படிகளாக முன்கூட்டியே எழுதி வைப்பது இம்முறையின் பயனுள்ள பகுதி. தொடக்கத்தில் இதையாவது காண வேண்டும். பிறகு இதைக் கண்டால் நன்று. இதைக் கண்டால் பேருவகை, என்று மூன்று நிலைகள். சித்தூர்ச் சிற்றூர் ஒன்றிற்கு அதனைப் பொருத்திப் பார்ப்போம். உழவர் கூட்டத்திற்கு வருவதும், தம் கிணற்றை அளக்க விடுவதும் முதல் நிலை. இது எளிது, விருந்தினரை மதிக்கும் ஊர் எதுவும் இதைச் செய்யும். பணியாளர் வராத நாளிலும் ஊராரே கயிற்றை எடுத்துச் செல்வது, விதை வாங்கப் போகுமுன் சுவரைப் பார்த்துவிட்டுப் போவது, நெல்லில் ஒரு பகுதியைக் குறைத்து வேறு பயிர் போடுவது ஆகியன இரண்டாம் நிலை. அளந்த விவரத்தைக் கொண்டு அரசு அலுவலரிடம் பேசுவது, புதுக் கிணறு தோண்ட முனைபவரிடம் ஊரே எடுத்துச் சொல்வது, அண்டை ஊருக்குத் தாமே சென்று கற்பிப்பது ஆகியன மூன்றாம் நிலை. முதல் நிலையிலேயே நின்றுவிட்ட திட்டம் கூட்டங்களின் எண்ணிக்கையை எவ்வளவு காட்டினாலும், அங்கே ஒன்றும் நிகழவில்லை என்று பொருள். மூன்றாம் நிலையில் உள்ளவை எல்லாம் முதலாண்டிலேயே நிகழ்ந்ததாக அறிக்கை வந்தால், அறிக்கையைத்தான் ஐயுற வேண்டும்.

ஆந்திரத் திட்டம் இந்தக் கனடிய முறையில் மதிப்பிடப்பட்டது என்று நான் கூறவில்லை. ஆனால் அதனைப் பற்றி 2010இல் உலக வங்கி வெளியிட்ட நிலத்தடி நீர் அறிக்கை பார்த்ததும் உழவரின் செய்கையைத்தான். ரபிப் பருவத்தில் எவ்வளவு நீர் இறைக்கப்பட்டது என்று அது ஒப்பிட்டது. நீர்ப்பிடிப்பு அலகுகளில் 42 விழுக்காட்டில் மூன்றாண்டுகள் தொடர்ந்து இறைப்பு குறைந்தது. 51 விழுக்காட்டில் விட்டுவிட்டுக் குறைந்தது. 7 விழுக்காட்டில் மட்டுமே கூடியது. மழை எவ்வளவு பெய்தது என்பது மேகத்தின் செயல். எவ்வளவு இறைத்தோம் என்பது நம் செயல். அவ்வகையில் இது நீர்மட்டத்தைவிட நேர்மையான அளவு.

அந்த அறிக்கையில் என்னை மிகவும் கவர்ந்தது எண்கள் அல்ல. இறைப்பு குறைந்ததற்குக் காரணம் ஊர்ப்பற்றோ தியாகமோ அன்று என்று அது வெளிப்படையாகச் சொன்னது. ஆயிரக்கணக்கான உழவர் தத்தம் இழப்பை அஞ்சியும் இலாபத்தை எண்ணியும் தனித்தனியே எடுத்த முடிவுகளின் கூட்டுத்தொகையே அது. நீர் போதாது என்று விதைப்புக்கு முன்னரே தெரிந்தவர், பாதியில் கருகப்போகும் நெல்லில் பணம் போடவில்லை. மக்களை நல்லவராக்கினோம் என்று திட்டங்கள் பெருமை பேசும் வழக்கத்திற்கு இது நல்ல மாற்று. கடன் கொடுப்பவர் இதை உடனே புரிந்துகொள்வார்.

இனி மறுபக்கம். திட்டம் முடிந்து பணியாளர் வெளியேறிய பின் என்ன ஆயிற்று? 2012இல் ஐ.டபிள்யூ.எம்.ஐ - டாட்டா நீர்க் கொள்கைத் திட்டத்தின் ஆய்வாளர்கள் இவ்வூர்களைத் திரும்பப் பார்த்து எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே 'உண்மை நிலைச் சோதனை' என்ற தொடர் இருந்தது. முன்னைய பாராட்டுகளை அவர்கள் அப்படியே ஏற்கவில்லை. திட்ட ஆதரவு நின்றபின் அளத்தலும் வரவுசெலவுக் கூட்டமும் தளர்ந்தன என்றே அவர்கள் ஆய்வு காட்டியது. இதைத் தோல்வி என்று ஒரு சொல்லில் தள்ளிவிடவும் மனம் வரவில்லை. கயிறு இறக்குவதை நிறுத்திய உழவர், கற்ற பயிர்க் கணக்கை மறந்திருப்பார் என்பதில்லை. ஆயினும், பார்ப்பவர் இருக்கும்வரை நிகழ்ந்த மாற்றத்தையும், பார்ப்பவர் போனபின் நிலைத்த மாற்றத்தையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கக் கூடாது என்பதை இந்த மீள்பார்வை உணர்த்தியது. நம் நாட்டில் பெரும்பாலான மதிப்பீடுகள் திட்டத்தின் கடைசி மாதத்தில், பணியாளர் ஊரில் இருக்கும்பொழுதே, அவர் ஏற்பாடு செய்த கூட்டத்திலேயே நடக்கின்றன. அங்கே கிடைக்கும் விடை உபசாரத்தின் விடை.

பின்னொரு முயற்சி இக்குறையைத் தன் வடிவிலேயே கவனித்துக்கொண்டது. சூழலியல் பாதுகாப்பு அறக்கட்டளையும் பன்னாட்டு உணவுக் கொள்கை ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்களும் ஆந்திரச் சிற்றூர்களில் ஒரு விளையாட்டை நடத்தினர். ஆடுவோர் ஒவ்வொருவரும் அதிக நீர் குடிக்கும் பயிரையோ குறைந்த நீர்ப் பயிரையோ தேர்வர். எல்லோரும் பொதுவான ஒரே நிலத்தடி நீரை இறைப்பர். சுற்றுக்குச் சுற்று நீர்மட்டம் இறங்குவதைக் கண்ணால் காண்பர். முடிவில் ஊரார் கூடிப் பேசுவர். விளையாட்டில் கெட்டிக்காரத்தனம் காட்டியோரை எண்ணிவிட்டு ஆய்வாளர் திரும்பிவிடவில்லை. ஓராண்டு கழித்துச் சென்று, ஆடிய ஊர்களையும் ஆடாத ஊர்களையும் ஒப்பிட்டனர். ஆடிய ஊர்களில் நீர்ப் பதிவேடு வைப்பதும் நீருக்கு விதி வகுப்பதும் கூடுதலாக நிகழ்ந்திருந்தன. 2018இல் வெளியான அவ்வாய்வு எண்ணியது பதிவேட்டை. பங்கேற்றோர் மகிழ்ச்சியை அன்று.

பதிவேடு என்றவுடன் வங்கியின் நினைவு வருவது இயல்பு. உழவர் எந்தப் பயிருக்குக் கடன் பெறுகிறார் என்பது கிளையின் கணக்கில் ஆண்டுதோறும் பதிவாகிறது. 1998இல் உழவர் கடன் அட்டை வந்ததிலிருந்து, ஏக்கர், பயிர், கடன் அளவு என்று வரிவரியாக அது நம்மிடம் இருக்கிறது. ஒரு கிளையின் பரப்பில் நீர்ப் பயிற்சி நடந்ததற்கு ஐந்தாண்டு முன்னும் ஐந்தாண்டு பின்னும் நெல், கரும்பு, நிலக்கடலை, மல்பெரி எவ்விகிதத்தில் இருந்தன என்று பார்க்கப் புதிதாக ஆய்வாளர் யாரும் வர வேண்டியதில்லை. ஆனால் ஓர் எச்சரிக்கை. கடன் அளவு கூடுதலாக உள்ள பயிரின் பெயரைச் சொல்லிக் கடன் பெற்று, வயலில் வேறொன்றைப் போடுவது எங்கும் அறிந்த வழக்கம். ஏட்டிலுள்ள கரும்பு வயலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அப்படிக் களப்பார்வைக்குச் செல்லும் நாளில், சொட்டுநீர்க் கருவி நிறுவப்பட்டதா என்ற கட்டத்தில் 'ஆம்' என்று குறிப்பதோடு வேறு சிலவற்றையும் கேட்கலாம். வடிகட்டியைக் கடைசியாக எப்பொழுது கழுவினீர்கள்? மிச்சமான நீரைக் கிணற்றிலேயே விட்டீர்களா, கூடுதலாக ஓர் ஏக்கருக்குப் பாய்ச்சினீர்களா? இரண்டாவது கேள்விக்கு வரும் விடை பெரும்பாலும் 'கூடுதலாக ஓர் ஏக்கர்' என்பதாகவே இருக்கும். அவர் வருவாய்க்கு அது நன்மை. கடன் திரும்பி வருவதற்கும் நன்மை. நீரைச் சேமிக்கவென்று தந்த மானியம் நீரைச் சேமிக்கவில்லை என்பதும் அதே விடையில் இருக்கிறது. அதனை எழுதிக்கொள்ளக் களப்பார்வைப் படிவத்தில் இரண்டு வரி இடம் விட்டால் போதும்.